குணம்

என் புகுந்த வீட்டில் என்னைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவார்கள். முப்பத்தொரு வயது வரைக்கும் நான் கலகலப்பானவள், வேலைக்கு அஞ்சாதவள். அதற்குப் பிறகு சிடுமூஞ்சி, உடம்பு வளையாதவள், யாரோடும் ஒட்டாதவள். இடையில் என்ன நடந்தது என்று யாராவது கேட்டால், "அவ குணமே மாறிப்போச்சு" என்பார்கள்.

இடையில் நடந்தது சரவாங்கி. மருத்துவர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று எழுதுவது. நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டுகளின் உள்சவ்வைத் தாக்கும் நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது.

தென்மேற்குப் பருவமழை மாதங்களில் தமிழ்நாட்டின் மழைப் பட்டியலில் தேவாலாவின் பெயர் அடிக்கடி முன்வரிசையில் இருக்கும். துணி காயாது, விறகு புகையும், சுவரில் பூஞ்சை படரும். அந்த நாட்களில் எழுந்தவுடன் ஒரு மணி நேரத்துக்கு என் விரல்கள் மடங்காது. ரவிக்கைக்குக் கொக்கி போட முடியாது. குக்கர் மூடியைத் திருக முடியாது. வீட்டுக்கு என் கை தேவைப்படுவதும் சரியாக அந்த ஒரு மணி நேரத்தில்தான். தேநீர், சோறு, டிபன் பாக்ஸ், மகளுக்கு இரட்டைச் சடை. "ஏம்மா, விடியுமுன்னயே மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று மாமி கேட்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பத்து மணிக்கு மேல் விரல்கள் இளகும். தையல் மிஷினில் உட்காருவேன். உடனே அடுத்த கேள்வி வரும்: "இப்ப மட்டும் எப்படி முடியுது?" ஏறி இறங்கும் நோய்களின் சாபம் இது. முடிந்த நேரம், முடியாத நேரத்துக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது.

1964இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்த குடும்பங்கள் எங்களுடையவை. என் அம்மாவும் மாமியும் முதுகில் கொழுந்து சுமந்தே பிள்ளைகளை வளர்த்தவர்கள். வாய் திறக்காமல் தாங்குகிறவள்தான் அவர்கள் கண்ணுக்கு நல்ல பெண். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் படித்தவர்களும் அப்படியே பேசினார்கள். நான் பார்க்கப்போன ஒரு மருத்துவர், ரத்த அறிக்கையைப் பிரிக்கும் முன்பே, "இவங்க எப்பவுமே டென்ஷன் டைப்பா?" என்று என் கணவரிடம் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு. 1950இல் சிகாகோ உளப்பகுப்பாய்வாளர் ஃபிரான்ஸ் அலெக்சாண்டர், மனப் போராட்டங்களோடு தொடர்புடையவை என்று ஏழு நோய்களைப் பற்றி எழுதினார். அவற்றில் ஒன்று எனக்கு வந்திருப்பது. கோபத்தை அடக்கி, பிறருக்காகவே உழைத்து, உள்ளுக்குள் பொருமுகிற பெண்ணுக்கு இது வரும் என்ற எண்ணம் மருத்துவத்தில் நெடுங்காலம் புழங்கியது. அப்படிப் பார்த்தால் எங்கள் லைன் வீடுகளில் ஒருத்திகூடத் தப்பியிருக்க மாட்டாள்.

பிறகு ஆளுமைச் சோதனைகள் வந்தன. அமெரிக்காவில் பரவலாகப் பயன்பட்ட எம்எம்பிஐ சோதனையில் ஐந்நூறுக்கு மேற்பட்ட வாக்கியங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சரி, தவறு என்று பதில் சொல்ல வேண்டும். இந்த நோயாளிகளுக்கு மனச்சோர்வு, நோய் பற்றிய மிகைப் பயம், ஹிஸ்டீரியா ஆகிய மதிப்பெண்கள் உயர்ந்தே வந்தன. 1986இல் தியோடர் பிங்கஸும் அவருடைய குழுவினரும் அந்த வாக்கியங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். மதிப்பெண்ணை ஏற்றியவற்றில் முக்கியமானவை வலி, களைப்பு, முன்போல் வேலை செய்யும் திறன் பற்றியவை. மூட்டு வீங்கியவள் உண்மையைச் சொன்னாலே போதும், மதிப்பெண் ஏறிவிடும். சோதனை அளந்தது நோயை, எழுதி வைத்ததோ அவள் குணத்தை.

அதற்காக மனம் நோகவில்லை என்று சொல்ல வரவில்லை. ஓர் ஆடி மாதம் முழுக்க நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. வாரத்துக்கு ஒருமுறை போடும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையின் குமட்டல் மறுநாள் முழுக்க இருக்கும். அந்த மாத்திரை சாப்பிடும்போது கருவுறக் கூடாது என்று தெரிந்த பிறகும், "அடுத்து ஒரு பையன்?" என்று கேட்பவர்கள் இருந்தார்கள். இந்த நோயாளிகளிடையே மனச்சோர்வு பற்றி வந்த ஆய்வுகளை 2013இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாளின்படி நூற்றுக்கு ஏறக்குறைய 39 பேருக்கு அது இருக்கக்கூடும் என்று தெரிந்தது. அந்த வினாத்தாளும் தூக்கம், களைப்பு, பசி பற்றிக் கேட்கிறது. எது மூட்டு, எது மனம் என்று பிரிக்க அவளோடு உட்கார்ந்து பேசத்தான் வேண்டும். மனச்சோர்வுதான் என்றால் அதற்கும் மருத்துவம் உண்டு. அதுவும் நோய்தான், அவளுடைய சுபாவம் அல்ல.

எனக்கு நடந்தது ஒரு வீட்டுக்குள் நடந்தது. ஒரு சமூகத்துக்கே இப்படி நடந்ததை கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பார்க்கலாம். பணியர்கள் இந்த மண்ணின் பழங்குடிகள், தலைமுறைகளாகப் பிறர் நிலத்தில் கொத்தடிமைகளாக உழைத்தவர்கள். "மழை வந்தா வேலைக்கு வரமாட்டாளுக, சோம்பேறிங்க" என்று அவர்களைப் பற்றி மேஸ்திரிகள் சொல்லிக் கேட்டே நான் வளர்ந்தேன். இந்தியாவில் அரிவாள் செல் மரபணு முதன்முதலில் பதிவானது 1952இல், எங்கள் நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் அதைக் கண்டறிந்தார்கள். அதே ஆண்டு அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் அந்த நோய் பதிவானது.

தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து, நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைக்கும். எலும்பு எலும்பாக வலிக்கும். சோகையில் மூச்சு வாங்கும். குளிர், கடும் உழைப்பு, உடம்பில் நீர் குறைவது எல்லாம் வலியைக் கிளப்பிவிடும். நாள் முழுக்க மழையில் நனைந்தபடி கொழுந்து பறிப்பது இதில் எதைத்தான் விட்டுவைக்கிறது? இந்த நோயுள்ள பணியர் தோழி ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "வலின்னா நடிக்கிறான்றாங்க. சொல்லாட்டி சோம்பேறின்றாங்க. எதுக்குக்கா சொல்லணும்?" கூடலூரில் அஸ்வினி அமைப்பு நடத்தும் ஆதிவாசி மருத்துவமனையில் இந்த நோய்க்கு சிகிச்சை கிடைக்கிறது. 2047க்குள் இதை ஒழிப்பதென்று ஒன்றிய அரசு 2023 ஜூலையில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ரத்தத்தைச் சோதிக்க வழி வந்துவிட்டது. 'சோம்பேறி' என்ற பட்டத்தை யார் திரும்பப் பெறுவது?

உலக சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத்தரச் சுருக்க வினாத்தாளில் 26 கேள்விகள் உண்டு. உடல், மனம், உறவு, சுற்றுச்சூழல் என்று நான்கு பகுதிகள். சுற்றுச்சூழல் பகுதியில் வீடு, பணம், போக்குவரத்து எல்லாம் வருகின்றன. என் வாழ்க்கைத்தரம் உயர்ந்தது அந்தப் பகுதியில்தான். திருகு குழாயை எடுத்துவிட்டுக் கையால் தட்டினால் திறக்கும் குழாய் வைத்தோம். குந்தி உட்காரும் கழிவறையை மாற்றினோம். கோயம்புத்தூருக்கு மருத்துவம் பார்க்கப் போகும் நாளுக்கென்று தையல் காசில் தனியாக எடுத்து வைக்கிறேன். ஜீப் ஓட்டும் என் கணவர் அடுப்பு வேலையையும் மகளின் சடையையும் காலையில் ஏற்றுக்கொண்டார். சடை கோணலாகத்தான் இருக்கும். அந்த வருஷமே மாமி சொன்னார்: "இப்ப பரவால்ல, குணம் மாறிட்டா."

நோய் தீர்வதையும் குணம் என்கிறோம், இயல்பையும் குணம் என்கிறோம். எனக்கு முழுக்கக் குணமாகவில்லை, ஆக வாய்ப்பும் குறைவு. என் இயல்பும் மாறவில்லை. காலை ஒரு மணி நேர வேலை கைமாறியது, அவ்வளவுதான்.

நர்சிங்கும் உளவியலும் சமூகப்பணியும் படித்துவிட்டு, வினாத்தாளோடு எங்கள் லைன்களுக்கு வரப்போகும் பெண்களே, முதலில் அவளிடமே கேளுங்கள். காலையில் எத்தனை மணிக்கு உங்கள் விரல் மடங்குகிறது? அதுவரைக்கும் வீட்டில் அடுப்பு யார் பற்றவைக்கிறார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் வாங்கிய பிறகு அவள் எப்படிப்பட்டவள் என்ற கட்டத்தை நிரப்பலாம்.