கலிங்கு

மொட்டைமாடித் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க அம்மா நாளைக்கு இரண்டு முறை படியேறுவாள். முழங்கால் வலி வந்த பிறகும் அது நிற்கவில்லை. தொட்டியில் மிதவை விசை ஒன்றைப் பொருத்தி, அடுக்களையில் மணி ஒலிக்கும்படி ஒரு சிறு கருவி செய்து கொடுத்தேன். முதல் முறை தொட்டி நிரம்பியபோதே அது ஊமையாயிற்று. நீர் வழியும் ஓசை கேட்டு, ஒன்றும் சொல்லாமல் அம்மா படியேறினாள்.

பிழை என்னுடையது. நீண்ட கம்பியில் சைகை தேயாதிருக்க மிதவைக்கு 12 வோல்ட் கொடுத்திருந்தேன். நான் வைத்த அட்மெகா328பி சில்லோ 5 வோல்ட்டில் இயங்கியது. அதன் உள்ளீட்டுக் காலில் ஏறும் மின்னழுத்தம், சில்லின் மின்வழங்கலை அரை வோல்ட்டுக்கு மேல் மிஞ்சலாகாது. அவசரத்தில், இடையே மின்தடைகூட இல்லாமல் நேராக இணைத்துவிட்டேன்.

அந்தக் காலுக்குள் இரண்டு டையோடுகள் காவலிருக்கின்றன. மிகுந்து வருவதை ஒன்று மின்வழங்கல் தடத்துக்குத் திருப்பிவிடும். தரைக்குக் கீழே இறங்குவதை மற்றொன்று தாங்கிக்கொள்ளும். ஏரிக்குக் கலிங்கு போல. ஆனால் அவை ஓடைக்கென்று கட்டிய கலிங்குகள். ஆறே திரண்டு வந்தால் கரையோடு போகும்.

இரண்டாம் சில்லுக்கு முன்னால் 10 கிலோ ஓம் மின்தடையை நிறுத்தினேன். இப்போது டையோடைக் கடப்பது சுமார் 0.6 மில்லி ஆம்பியர். அதைச் சில்லு தாங்கும். தொட்டி நிரம்பியிருந்த வேளையில் 5 வோல்ட் இணைப்பைப் பிடுங்கினேன். பலகையிலிருந்த சிவப்பு விளக்கு அணையாமல் மங்கலாய் எரிந்தது. கலிங்கில் வழிந்த நீர் அடுத்த ஏரிக்குப் போகும் என்பதை மறந்திருந்தேன். மிதவையின் மின்சாரம் டையோடு வழியே மின்வழங்கல் தடத்தில் புகுந்து, அணைத்த சில்லை அரை உயிரோடு வைத்திருந்தது.

இறுதியில் பிசி817 என்னும் ஒளியிணைப்பானை இடையில் வைத்து, இருபுறத்துக்கும் தனித்தனி மின்வழங்கல் கொடுத்தேன். மிதவையின் மின்சாரம் 1 கிலோ ஓம் தடை வழியே அதனுள் இருக்கும் சிறு விளக்கை ஏற்றுவதோடு சரி. அந்த ஒளியைக் கண்டு எதிர்ப்புறத்து டிரான்சிஸ்டர் சில்லின் காலைத் தரையோடு இணைக்கும். வெள்ளம் உள்ளே வரவேண்டியதில்லை. வெள்ளம் வந்த செய்தி வந்தால் போதும்.

மணி இப்போது தவறாமல் ஒலிக்கிறது. அம்மா மோட்டாரை நிறுத்துகிறாள். பிறகு, "எதுக்கும் ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்" என்று படியேறுகிறாள்.