கசப்பு வேரும் கண்ணாடிக் குடுவையும்

நம் தந்தையார் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். பள்ளி விட்டு வந்ததும் பொட்டலம் மடிப்பது நம் வேலை. கடையின் இழுப்பறைகளுள் ஒன்றில் ‘கடுகுரோகிணி’ என எழுதி ஒட்டியிருக்கும். உள்ளே, கறுத்துச் சுருண்ட வேர்த்துண்டுகள். காய்ச்சலுக்கும் கல்லீரல் நோய்க்கும் கஷாயத்தில் சேர்ப்பர். ஒருநாள் விளையாட்டாக ஒரு துண்டை வாயிலிட்டோம். இரவு உண்ட சோறும் கசந்தது. “இது எங்கே விளைகிறது, அத்தா?” என்று கேட்டோம். “வடக்கே, பனிமலையிலே” என்றார். அதற்கு மேல் அவரும் அறியார், நாமும் கேட்டோமில்லை.

நாற்பதாண்டுகள் கழிந்தன. நம் கல்லூரித் தாவரவியல் மாணவரின் கல்விச் சுற்றுலாவில், தமிழ்த்துறையினராகிய நாமும் துணையாக இமாசலப் பிரதேசம் சென்றோம். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில், கண்ணாடிக் குடுவைக்குள் நின்ற சிறு பசுஞ்செடியைக் காட்டி, “இது குட்கி” என்றார் ஆய்வாளர். “ஐயா, நம் கடுகுரோகிணிதான்” என்றார் உடன்வந்த தாவரவியல் பேராசிரியர். வேரை மட்டுமே கண்டிருந்த கண்கள் அன்றுதான் அதன் இலையைக் கண்டன.

மரங்களும் வளரத் தயங்கும் இமயத்தின் உயர்ந்த புல்வெளிகளில், சுமார் 3000 மீட்டருக்கு மேல் வளர்வது இச்செடி. அதன் மண்ணடித் தண்டும் வேருமே மருந்து. ஆதலின் மருந்தெடுப்பது என்பது பெரும்பாலும் செடியையே பிடுங்குவதாகும். இவ்வாறு பிடுங்கிப் பிடுங்கி மலைகள் வெறுமையாகிவந்ததால், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 1997ஆம் ஆண்டு கடுகுரோகிணியும் சடாமாஞ்சிலும் சேர்க்கப்பட்டன. அவ்விரண்டும் நம் கடையில் அடுத்தடுத்த இழுப்பறைகளில் இருந்தவை!

ஆய்வுக்கூடம் செய்வது என்ன? செடியின் மொட்டொன்றை நறுக்கி, கிருமி நீக்கி, உப்புகளும் சர்க்கரையும் கலந்த அகார்க் கூழில் ஊன்றுகின்றனர். புகையிலைத் திசுவுக்கென முராசிகே, ஸ்கூக் என்னும் இருவர் 1962இல் வகுத்த ஊட்டக் கலவையே இன்றும் பெரிதும் வழங்குகிறது. சைட்டோகைனின் மிகுந்தால் தளிர்கள் பெருகும். ஆக்சின் மிகுந்தால் வேர் பிடிக்கும். பிரித்துப் பிரித்து வைக்க, ஒரு மொட்டு பல செடிகளாகும். ஆல்ப்ஸ் மலையின் எடெல்வைஸ் போன்ற அழகுச் செடிகளையும் இவ்வாறு பெருக்கலாம். தோட்டத்துக்கு வேண்டிய செடி குடுவையில் கிடைத்தால், மலையில் கை வைப்பானேன்?

வியப்பு மிகுதியால் நாம் ஒரு குடுவையின் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டோம். ஆய்வாளர் பதறினார். “இனி இதில் பூஞ்சை படரும் ஐயா, கழித்துவிட வேண்டியதுதான்” என்றார். சிறுவயதின் அதே கசப்பு நாவில் ஊறியது.

பெருக்குவதினும் அரிது, மலைக்குத் திருப்புவது. குடுவையின் ஈரக்காற்றில் வளர்ந்த இலையின் மெழுகுப்பூச்சு மெலியது. இலைத்துளைகளும் செவ்வனே மூடா. திடீரென வெளியே வைத்தால் வாடி மாயும். ஆகவே வாரக்கணக்கில் ஈரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பழக்கி, பின்னரே மலை நாற்றங்காலுக்கு அனுப்புகின்றனர். இன்னுமொன்று: ஒரே மொட்டின் வழிவந்தவை யாவும் ஒரே தன்மையன, ஒன்றைக் கொல்லும் நோய் அனைத்தையும் கொல்லக்கூடும். பல பள்ளத்தாக்குகளின் விதைகளும் வேண்டும். புல்வெளியும் அழியாதிருத்தல் வேண்டும். குடுவை காலத்தை ஈட்டித் தரும். மலையை ஈட்டித் தராது.

பாலம்பூரிலும் கார்வால் ஸ்ரீநகரிலும் உள்ள ஆய்வு நிறுவனங்கள் இத்தகைய மூலிகைகளைப் பயிராக்கும் முறைகளை ஆராய்ந்து வருகின்றன. தெற்கே இருக்கும் நமக்கும் ஒரு பங்குண்டு. மாணவர்களே, மருந்துக் கடையில் கடுகுரோகிணி வாங்கும்போது, “பயிரிட்டதா, மலையில் பிடுங்கியதா?” என்று கேளுங்கள். கடைக்காரர் அறியாதிருக்கலாம்; நம் தந்தையாரும் அறிந்திலர். ஆயினும் பலரும் கேட்கத் தொடங்கினால், அவரும் தமக்குச் சரக்கு அனுப்புவோரைக் கேட்பார். அன்று நாம் கேளாது விட்ட வினா அது.