விரல் நுனியும் விழிப்பும்

கருவியைப் படைத்த நாள்முதல் மனிதன் ஒன்றை மறவாமல் செய்து வருகிறான். தான் செய்ய வேண்டிய வேலைகளில் ஒரு பகுதியை அக்கருவியிடம் ஒப்படைத்துவிடுகிறான். ஏற்றம் வந்தபோது தோளின் பாரத்தை ஒப்படைத்தான். கடிகாரம் வந்தபோது வானத்தைப் பார்த்துப் பொழுதறியும் பழக்கத்தை ஒப்படைத்தான். இவற்றால் பேரிழப்பு நேர்ந்ததென்று எவரும் வருந்தியதில்லை. ஆயின், கைப்பேசி என்னும் சின்னஞ்சிறு கருவி வந்தபின், வழியறிதல், விலை பேசுதல், பணம் எண்ணுதல், பொருளைத் தொட்டுப் பார்த்தல் எனப் பல வேலைகள் ஏறக்குறைய ஒரே காலத்தில் கைமாறிவிட்டன. எதை ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கலாகாது என்று எண்ணிப் பார்க்க வேண்டிய நிலை இதனால் தோன்றியுள்ளது. ஜொகூர் மாநிலத்து மக்களின் அன்றாட வாழ்வே இவ்வெண்ணத்திற்குப் போதிய சான்றுகளைத் தருகிறது.

தோட்டப்புறங்களில் வாழ்ந்த தமிழர்களுக்கு ஒரு காலத்தில் தொலைபேசி என்பது அலுவலகத்தில் கிராணியாரின் மேசைமேல் இருந்த பொருள். அது தங்களுக்காக மணி அடிக்கிறது என்றால் பெரும்பாலும் சாவுச் செய்தியாகவே இருக்கும் என்று அஞ்சியோர் உண்டு. அந்த நிலையிலிருந்து இன்றைய நிலைக்கு வந்த வழியில் 1985 ஆம் ஆண்டு நினைவுகூரத் தக்கது. நாட்டின் முதல் தேசியக் காரான புரோட்டோன் சாகா அவ்வாண்டு ஜூலைத் திங்களில் வெளிவந்தது. மலேசியாவில் கைப்பேசிச் சேவையும் அவ்வாண்டில்தான் கால்கொண்டது. கணினியில் தமிழை எழுதுவதற்கு மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘முரசு’ மென்பொருளின் தொடக்கமும் அதே 1985தான். சாலையில் ஓடும் கருவி, காற்றில் பேசும் கருவி, தமிழில் எழுதும் கருவி ஆகிய மூன்றும் ஓராண்டில் பிறந்த உடன்பிறப்புகள் போல வளர்ந்து, இன்று ஒரே கையில் வந்து சேர்ந்திருக்கின்றன.

முதலில் சாலையைக் காண்போம். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை 1994 ஆம் ஆண்டு முழுமை பெறுவதற்கு முன், ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூருக்குச் செல்வோர் கூலாய், ஆயர் ஈத்தாம், யோங் பெங், சிகாமட் என்று ஊர் ஊராகச் செல்வர். ஓர் ஊரில் தேநீர். மற்றோர் ஊரில் வழி விசாரிப்பு. வழி கேட்டவருக்கும் சொன்னவருக்கும் இடையே, “நீங்கள் எந்தத் தோட்டம்?” என்ற வினா பிறந்து, ஈற்றில் இருவரும் உறவினர் என்று தெரிய வந்த கதைகள் பல. நெடுஞ்சாலை நேரத்தைக் குறைத்தது. ஊர்களை ஓரமாக ஒதுக்கியது. பின்னர் வந்த வழிகாட்டிச் செயலிகள், வழி கேட்க வேண்டிய தேவையையும் நீக்கிவிட்டன.

இதனால் விளைந்த வேடிக்கை ஒன்றுண்டு. ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கிப் பக்கம் நடந்த திருமணம் ஒன்றிற்கு ஒரு குடும்பம் காரில் புறப்பட்டது. ஓட்டியவர் மருமகன், பின்னிருக்கையில் மாமனார். முன்னே பொருத்தியிருந்த கைப்பேசி, இடம், வலம் என்று இனிய குரலில் ஆணையிட்டுக்கொண்டே வந்தது. குறுக்குவழி என்று அது காட்டிய பாதை, செம்மண் சாலையாகிச் செம்பனைத் தோட்டத்தின் நடுவே போய் முடிந்தது. தொடர்பலையும் அங்கே அறுந்தது. செய்வதறியாது மருமகன் திகைத்து நிற்க, மாமனார் மெல்ல இறங்கினார். “அந்தக் காளி கோயிலை ஒட்டித் திரும்பினால் பெரிய சாலை” என்றார். பால்மரங்கள் இருந்த காலத்தில் அவர் அத்தோட்டத்திலேயே இருபதாண்டு பால்வெட்டியவர். “முன்பே சொல்லக் கூடாதா, மாமா?” என்று மருமகன் கேட்டார். “யாராவது என்னைக் கேட்டால்தானே, மாப்பிள்ளை? நீங்கள் எல்லாரும் அந்தப் பெட்டியை அல்லவா கேட்டுக்கொண்டு வந்தீர்கள்!” என்றார் பெரியவர்.

பெட்டி தவறியதில் வியப்பில்லை. அது மரங்களுக்கு இடையே வண்டி ஓடும் கோடுகளை அறியுமேயன்றி, மழையில் அக்கோடு சேறாவதை அறியாது. ஆயினும், அறிந்தவர் ஒருவர் அருகிலேயே இருக்க, அவரைக் கேட்க வேண்டும் என்ற எண்ணமே எவருக்கும் தோன்றாமற் போனதுதான் எண்ணத்தக்கது. கேட்டறிதல் என்பது செய்தி பெறும் வழி மட்டுமன்று. முதியோர்க்குக் குடும்பத்தில் இடமளிக்கும் வழியுமாகும். கருவி முதற்பயனைத் தரலாம். இரண்டாவதைத் தர அதனால் இயலாது.

வழி தவறினால் நேரந்தான் வீண். விழி தவறினாலோ உயிரே போய்விடும். நெடுஞ்சாலையில் விதிக்கப்பட்ட உச்ச வேகமான மணிக்கு 110 கிலோமீட்டரில் செல்லும் கார், ஒரு நொடியில் ஏறத்தாழ 30 மீட்டர் கடக்கிறது. வந்த செய்தியைப் படிக்க ஓட்டுநர் மூன்றே நொடி குனிந்தால், அதற்குள் கார் 90 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். ஏறத்தாழ ஒரு காற்பந்துத் திடலின் நீளத்தை அவர் கண்ணை மூடிக்கொண்டு கடந்தார் என்பதே இதன் பொருள். 2016 ஆம் ஆண்டில் மட்டும் மலேசியச் சாலைகளில் 7,152 பேர் மாண்டனர். ஆண்டுதோறும் இவ்வாறு மாண்டு போவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோர். பின்னிருக்கையில் அமர்வோரும் இருக்கைப் பட்டை அணிய வேண்டும் என்ற விதி 2009 ஜனவரி முதல் நாளில் நடப்புக்கு வந்தது. அதைப் “போலீஸ்காரருக்காகக் கட்டும் பட்டை” என்று நகையாடுவோர் இன்றும் உளர். பட்டை யாருக்காக என்பதை மருத்துவமனை வராந்தாவில் அமர்ந்திருக்கும் தாய்மாரைக் கேட்டால் தெரியும்.

ஜொகூர் மக்களுக்குச் சாலை என்றவுடன் நினைவுக்கு வருவது கடற்பாலம். 1924 ஜூன் 28ஆம் நாள் முறைப்படி திறக்கப்பட்ட அப்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். 1998 ஜனவரியில் இரண்டாவது இணைப்புப் பாலமும் திறக்கப்பட்டது. ஆயினும் நெரிசல் குறைந்தபாடில்லை. மாசாயிலும் ஸ்கூடாயிலும் கோழி கூவுமுன் எழுந்து, தலைக்கவசத்துடன் சிங்கப்பூருக்கு விரையும் தமிழ் இளைஞர் எத்தனையோ பேர். கடப்பிதழை நீட்டி முத்திரைக்குக் காத்திருந்த காலம் மாறி, 2024 மார்ச்சில் சிங்கப்பூர் எல்லையில் காரில் வருவோர்க்குக் கியூஆர் குறியீட்டு முறை வந்தது. ஜூன் திங்களில் ஜொகூர்ப் பக்கமும் அதன் சோதனை தொடங்கியது. சில நொடிகளில் அனுமதி கிடைக்கிறது என்பது உண்மையே. எனினும் ஒருவர் மிச்சப்படுத்திய நிமிடங்கள் அவருடைய உறக்கத்தில் சேருகின்றனவா? பலர் வழக்கமான நேரத்திற்கே புறப்படுகின்றனர். பாலத்தின் அகலம் மாறவில்லையே! எல்லையில் மிஞ்சிய நேரத்தைப் பாலத்தின் நெரிசல் விழுங்கிவிடுகிறது. உறக்கம் குறைந்த கண்களோடு மாலையில் வீடு திரும்பும் இளைஞனுக்குக் குறியீடு துணை நிற்பதில்லை. அவன் தானே தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும்.

இனிப் பணத்தின் நிலை. ‘டச் அண்ட் கோ’ அட்டை 1997இல் அறிமுகமானபோது அது விரும்பியோர்க்கு உரிய வசதியாக இருந்தது. 2017இல் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலைச் சாவடிகளில் ரொக்கம் முற்றாக நிறுத்தப்பட்டதும், வசதி என்பது கட்டாயமாயிற்று. ஒரே தொகை வாங்கும் சாவடி ஒன்றில் முதியவர் ஒருவரின் அட்டையில் போதிய தொகை இல்லை. சட்டைப் பையிலோ ஐம்பது ரிங்கிட் தாள்கள் இருந்தன. தாளை வாங்க அங்கே ஆள் இல்லை. தடுப்புக் கட்டையோ எழவில்லை. பின்னால் ஹாரன் ஒலி பெருகியது. அப்போது அடுத்த காரிலிருந்து ஒரு மலாய் இளைஞர் இறங்கி வந்து, தம் அட்டையைத் தொட்டுவிட்டு, பெரியவர் நீட்டிய பணத்தையும் வாங்காமல், “பரவாயில்லை, பாக்சிக்” என்று கூறிச் சென்றார். பையில் பணமிருந்தும் வழியில் நிற்க வேண்டிய நிலையைக் கருவி உண்டாக்கியது. அதைத் தீர்த்தது ஒரு மனிதரின் பண்பு. புதிய முறையை வகுப்போர், அம்முறைக்குள் நுழைய முடியாதவர்களையும் எண்ணிப் பார்த்தல் கடமையாகும். ஒவ்வொரு சாவடியிலும் அத்தகைய இளைஞர் இருப்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

வாங்குதலும் விற்றலும் இதைப்போலவே மாறிவிட்டன. தோட்டக் கடைக்காரரிடம் இருந்த ‘555’ குறிப்புப் புத்தகம் ஒரு தலைமுறையின் வங்கி எனலாம். அதில் கடன் எழுதப்படும். சம்பள நாளில் அடிக்கப்படும். புடைவைக்காரர் மூட்டையோடு லயத்திற்கு வருவார். துணிக்குப் பெயர்பெற்ற தங்காக் நகருக்குச் சென்று தீபாவளித் துணி எடுத்த குடும்பங்களும் உண்டு. எங்கு வாங்கினாலும் முந்தானையைக் கையால் கசக்கிப் பார்ப்பதும், வெளிச்சத்தில் நிறம் பார்ப்பதும் பெண்களுக்குக் கைவந்த கலை. விற்பவரின் முகத்தையும் உடன் படித்துக்கொள்வர்.

இன்று நவம்பர் 11ஆம் நாளின் நள்ளிரவில், கழிவு விலைக்காகக் கண் விழித்திருப்போர் பலர். குளுவாங்கில் ஓர் இல்லத்தரசி தம் பூசையறைக்கென்று பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றை இணையத்தில் கண்டார். படத்தில் அது ஆளுயரம் போல ஒளி வீசியது. விலையோ மிகவும் மலிவு. பொட்டலம் வந்தது. பிரித்துப் பார்த்தால், விளக்கு அவருடைய நடுவிரல் உயரமே இருந்தது! விற்றவர் ஏமாற்றவில்லை. உயரம் எட்டுச் சென்டிமீட்டர் என்று படத்தின்கீழ் பொடி எழுத்தில் தெளிவாகவே எழுதியிருந்தார். “பொம்மைக் கொலுவுக்கு ஆகும்” என்று கணவர் ஆறுதல் கூறினாராம். கடைத்தெருவில் கை செய்த வேலையை இணையத்தில் கண் செய்ய வேண்டியுள்ளது. படம் பார்க்கும் கண்ணன்று. எழுத்தைப் படிக்கும் கண். மாணவர்க்கு வாசிப்புத் திறன் எதற்கு என்று வினவுவோர்க்கு இவ்விளக்கே விடை கூறும்.

எல்லாரும் இவ்வாறு சிரித்துவிட்டு மறக்கும் அளவில் தப்புவதில்லை. வாழ்நாள் சேமிப்பைப் போலித் தொலைபேசி அழைப்புக்கும் பொய்யான விற்பனைக்கும் பறிகொடுத்தோர் பலர். இத்தகையோர் உடனே அழைப்பதற்கென 2022ஆம் ஆண்டு 997 என்ற எண் ஏற்படுத்தப்பட்டது. வாங்கிய பொருளில் குறை நேர்ந்தால், 1999 ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றத்தை நாடலாம். மனுக் கட்டணம் ஐந்து ரிங்கிட். கோரத்தக்க தொகையின் வரம்பு 2019இல் ஐம்பதாயிரம் ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. வழக்கறிஞர் தேவையில்லை. இவ்வளவு எளிய வழி இருந்தும், “போனது போகட்டும்” என்று வாய்மூடி இருப்போரே மிகுதி. வெட்கமும் அறியாமையும் ஏமாற்றுவோர்க்குக் கூட்டாளிகளாகிவிடுகின்றன. வீட்டில் முதியோர் ஒருவர் ஏமாந்துவிட்டால், அவரை ஏசாமல் எண்ணை அழைத்துக் கொடுப்பதே பிள்ளைகளின் கடன்.

கருவியால் கேடுதான் என்று முடிவு கட்டுவது நேர்மையாகாது. கணவரை இழந்த தாய் ஒருவர், பாசிர் கூடாங்கில் தம் சமையலறையில் சுட்ட முறுக்கைக் கைப்பேசி வழியாகவே விற்று மக்களைப் படிக்க வைக்கிறார். அவரிடம் கடையும் இல்லை. கடை வாடகைக்கு முன்பணமும் இல்லை. ஜொகூர் பாருவின் லிட்டில் இந்தியாவில் துணி விற்போர் சிலர், புடைவையை விரித்து நேரலையில் காட்டி, வீட்டிலுள்ளோர் கேட்கும் வினாவுக்கு விடையளிக்கின்றனர். பழைய மூட்டைக்காரரின் பேச்சுத் திறமே புதிய கண்ணாடித் திரையில் மீண்டும் பிழைத்திருக்கிறது.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, கைப்பேசியே வகுப்பறையாயிற்று. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்த வீடுகள் பல. தந்தை வேலை முடித்து இரவு எட்டு மணிக்குக் கருவியோடு வந்த பின்னரே, பகலில் ஆசிரியர் அனுப்பிய பாடத்தைப் பிள்ளை காண முடிந்தது. அப்பிள்ளைக்காக இரவு பத்து மணிக்கும் விடை திருத்திய தமிழாசிரியர்கள் உண்டு. 2005 தைப்பொங்கலில் வெளியீடு கண்ட ‘செல்லினம்’ போன்ற முயற்சிகளால் கைப்பேசியில் தமிழ் எழுத வழி பிறந்திராவிடில், அத்திருத்தங்கள் தமிழெழுத்தில் அமைந்திருக்குமா என்பது ஐயமே. கருவி வரும்போது அதைத் தமிழுக்கு வளைத்துத் தந்தவர்கள் இந்நாட்டிலேயே இருந்தனர் என்பது மாணவர் அறிந்து பெருமை கொள்ளத் தக்க செய்தி.

ஆகவே கருவியை வெறுக்கவும் வேண்டா, வணங்கவும் வேண்டா. சுமையையும் கணக்கையும் அதனிடம் தாராளமாக ஒப்படைக்கலாம். சாலைமேல் இருக்க வேண்டிய கண்ணையும், பொடி எழுத்தைப் படிக்கும் பொறுமையையும், அருகிலிருக்கும் பெரியவரைக் கேட்கும் பணிவையும், பின்னால் நிற்பவரின் இடர் கண்டு இறங்கி வரும் பண்பையும் ஒப்படைக்கலாகாது. இவற்றைக் கற்பிக்கும் செயலி எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. வீடும் பள்ளியும் கற்பித்தால்தான் உண்டு.