அம்மாவின் கதிரை

ஸ்காபரோவில் பனி கரைந்ததும் அம்மாவுக்குப் பின்வளவுக் கதிரைதான் ஊர் முற்றம். சென்ற கோடையில் அதன் அடியில் கூடு கட்டிய குளவி கொட்டிக் கை வீங்கிவிட்டது. "இனி வெளியில வரமாட்டன்" என்று உள்ளே போனவர்தான்.

மருந்தடிப்போம் என்றேன். "வேண்டாம் ராசா, சின்னன் உருளுற இடம்" என்றார்.

குளிர் வந்தால் கூட்டிலுள்ள குளவிகள் செத்துவிடும். இராணிகள் மட்டும் ஒளித்திருந்து வசந்தத்தில் புதுக்கூடு கட்டும். ஆகவே இம்முறை மே மாதம் தொட்டே கிழமைக்கொருமுறை கதிரையைக் கவிழ்த்து, சவர்க்காரத் தண்ணீரால் கழுவினோம். குழாய்க்கால்களின் ஓட்டைகளை அடைத்தோம். பழச்சாறு சிந்தினால் உடனே துடைத்தோம்.

இப்போது அம்மா மீண்டும் வெளியில். இருக்குமுன் கதிரையைச் சரித்துப் பார்ப்பார், ஊரில் மட்டத்தேளுக்குப் பயந்து பாயை உதறியதுபோல.