இடுப்பில் ஒரு உறைப்பு

ஆட்களுக்கு அடிக்கிற பெப்பர் ஸ்பிறே கனடாவில் தடைசெய்யப்பட்ட ஆயுதம். கரடிக்கு அடிக்கிற ஸ்பிறேயைக் கடையில் வாங்கலாம். இரண்டுக்குள்ளும் இருப்பது மிளகாயின் அதே கப்சைசின்தான். கரடி ஸ்பிறேயைப் பூச்சிகொல்லிகளோடு சேர்த்துப் பதிவு செய்து விற்கவிடுகிறது அரசாங்கம். அதையே மனிதருக்குப் பயந்து நகரத்தில் காவினால் வழக்குத்தான். ரொறன்ரோவிலிருந்து கல்கரிக்குக் குடிவந்த புதிதில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இப்போது நியாயமாகவே படுகிறது.

கல்கரியிலிருந்து ஒன்றரை மணி நேர ஓட்டத்தில், கரடிகள் உலவும் பான்ஃப் தேசியப் பூங்கா. கோடை வந்தால் எங்கள் சனம் சோற்றுப் பொதியோடு கிளம்பிவிடும். அங்குள்ள மின்னவாங்கா ஏரிக்கரைப் பாதையில் கோடை நடுவிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிவரை குறைந்தது நால்வராகச் சேர்ந்துதான் நடக்கலாம், ஸ்பிறேயும் கட்டாயம். கரடிக்குச் சத்தம் கேட்கட்டும் என்று கரடி மணி ஒன்று விற்கிறார்கள், அதை நம்பவேண்டாம். பேசிக்கொண்டு நடப்பதே மேல். அந்த விஷயத்தில் நாங்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

வாங்கும்போது விலையைப் பார்க்காமல் அளவைப் பாருங்கள். 225 கிராமுக்குக் குறைந்தது வேண்டாம். திகதியையும் பாருங்கள். மூன்று நான்கு வருடத்தில் உள்ளே அமுக்கம் இறங்கி, ஸ்பிறே எட்டவேண்டிய தூரத்துக்கு எட்டாது. உறையையும் சேர்த்து வாங்கி இடுப்புப் பட்டியில் மாட்டுங்கள். கிறிஸ்லிக் கரடி மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் ஓடும். முதுகுப்பைக்குள், தண்ணீர்ப் போத்தலுக்கும் வடைக்கும் கீழே கிடக்கிற ஸ்பிறே எதற்கு?

"அண்ணை, உதை முதலே கூடாரத்தில அடிச்சு விட்டால் கரடி வராது தானே?" என்று ஒரு தம்பி கேட்டான். நுளம்பு மருந்து என்று நினைத்துவிட்டான். காய்ந்துபோன மிச்சத்தின் மணம் கரடியைக் கிட்ட இழுக்கவும் கூடும். பாய்ந்து வருகிற கரடிக்கும் உங்களுக்கும் நடுவே, சற்றுத் தாழ்வாக, ஒரு புகைத்திரை எழுப்புவதுதான் இதன் வேலை. எட்டுவது ஏழெட்டு மீற்றர். காற்று எதிரே அடித்தால் உங்கள் கண்ணும் சேர்ந்தே எரியும். ஒரு ரின் பத்து வினாடிக்குள் காலியாகிவிடும்.

ஆகவே பழக்கம் வேண்டும். உறைப்பில்லாத பயிற்சி ரின் தனியாக விற்கிறார்கள். உறையிலிருந்து உருவி, பெருவிரலால் பாதுகாப்புக் கொக்கியைத் தட்டி, அழுத்திப் பழகுங்கள். நடுங்குகிற கைக்கு அந்தக் கொக்கி சின்ன விஷயமல்ல.

இதெல்லாம் வீண் வேலை என்பவர்களுக்கு: அலாஸ்காவில் ஸ்பிறே வைத்திருந்து கரடியைக் கிட்டத்தில் சந்தித்தவர்களில் 98 விழுக்காட்டினர் காயமின்றித் தப்பினார்கள் என்று 2008இல் ஆய்வாளர் ரொம் ஸ்மித் குழுவினர் எழுதினார்கள். அந்தக் குழுவில் ஒருவரான ஸ்ரீபன் ஹெரேரோ எங்கள் கல்கரிப் பல்கலைக்கழகத்துக்காரர்.

ரொறன்ரோவிலிருந்து வரும் உறவினருக்கு ஒரு சொல்: விமானத்தில் கரடி ஸ்பிறேயைக் கைப்பையிலும் விடமாட்டார்கள், பெட்டியிலும் விடமாட்டார்கள். இங்கே வந்து வாங்குங்கள்.