புன்னகை ஒட்டப்பட்ட முகங்கள்

கம்போடியா போகும் நம்மவர்களில் பலர் அங்கோர் வாட்டோடு திரும்பிவிடுகிறார்கள். என்னோடு வந்த குழுவும் அப்படித்தான். அதைக் கட்டிய சூரியவர்மனைப் பற்றி விடாமல் பேசியவர்களுக்கு போல் பாட் யாரென்று சட்டென நினைவுக்கு வரவில்லை. நான் அவர்களிடம் விடைபெற்று நோம் பென்னுக்குப் பேருந்து ஏறினேன்.

இன்று அருங்காட்சியகமாக இருக்கும் துவோல் ஸ்லெங் ஊருக்கு நடுவே, வீடுகள் நெருக்கமான தெருவில் இருக்கிறது. பார்த்தாலே பள்ளிக்கூடம் என்று தெரியும். 1975 ஏப்ரல் 17 அன்று நகரைப் பிடித்த போல் பாட்டின் கெமர் ரூஜ் இயக்கம், மக்களை ஒருவர் விடாமல் வயல்வெளிகளுக்குத் துரத்தியது. காலியான இந்தப் பள்ளி எஸ்-21 என்ற சிறையானது. வகுப்பறைகளுக்குள் அவசர அவசரமாகச் செங்கல் அடுக்கி, ஓர் ஆள் கால் நீட்டவும் போதாத கொட்டடிகள் கட்டியிருக்கிறார்கள். சுவரில் கரும்பலகை அப்படியே இருக்கிறது. தாழ்வாரம் முழுக்க முள்கம்பி. கைதிகள் மாடியிலிருந்து குதித்துச் சாகக் கூடாதாம். உள்ளே போன 14,000க்கும் மேற்பட்டோரில் உயிர் பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கொண்டுவரப்பட்ட ஒவ்வொருவரையும் படம் எடுத்துத்தான் அடைத்தார்கள். அந்தக் கறுப்பு வெள்ளை முகங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. கைக்குழந்தையோடு ஒரு பெண். சட்டையில்லாத ஒரு சிறுவன். சிலர் கேமராவை நேராகப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்க முடியாமல் நான் வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

இதே படங்களை 2021இல் ஒருவர் வண்ணமேற்ற, ஒரு வெளிநாட்டு இணைய இதழ் வெளியிட்டது. அதில் சில முகங்களில் மூலப்படத்தில் இல்லாத புன்னகை இருந்தது. கம்போடியர்கள் கொதித்துப்போய் எதிர்த்த பிறகுதான் இதழ் அதை நீக்கியது. வளாகத்தில் ‘இங்கே சிரிக்காதீர்கள்’ என்று பார்வையாளர்களுக்குப் படம் போட்டு வைத்திருக்கிறார்கள். சாகப்போகிறவனின் உதட்டையே இழுத்துச் சிரிக்க வைக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்ற, நாற்பது ஆண்டு இடைவெளி போதுமானதாக இருந்திருக்கிறது.

ஆனால் இடைவெளியை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரத்தம் காயாதபோது உலகம் எப்படிப் பார்த்தது? 1979 ஜனவரி 7 அன்று வியட்நாம் படை நோம் பென்னுக்குள் நுழைந்து போல் பாட்டை விரட்டியது. அதற்குள் சுமார் 17 லட்சம் பேர் கொலையிலும் பட்டினியிலும் நோயிலும் மடிந்திருந்தார்கள். வாஷிங்டனுக்கும் பெய்ஜிங்குக்கும் வியட்நாமும் அதன் பின்னால் நின்ற சோவியத் யூனியனும்தான் கண்ணை உறுத்தின. அதே ஆண்டு செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் 71 நாடுகள், கம்போடியாவின் இருக்கை விரட்டப்பட்ட போல் பாட் தரப்புக்கே என்று வாக்களித்தன. வியட்நாம் அமைத்த புதிய அரசை 1980இல் அங்கீகரித்த இந்தியா, சோவியத் அணிக்கு வெளியே ஏறக்குறைய தனித்து நின்றது. 1984இல் இந்தக் கொடுமையைச் சொன்ன ‘த கில்லிங் ஃபீல்ட்ஸ்’ படம் பார்த்து மேற்குலகம் கண்ணீர் விட்டபோதும் அந்த இருக்கையில் கெமர் ரூஜ் இருந்த கூட்டணிதான் உட்கார்ந்திருந்தது. எஸ்-21 சிறையின் தலைவன் டுக்குக்கு 2010இல்தான் தண்டனை கிடைத்தது. போல் பாட் 1998லேயே செத்துப்போயிருந்தான்.

ஊருக்கு வெளியே, எஸ்-21 கைதிகளைக் கொண்டுபோய்க் கொன்ற சோயுங் ஏக் கொலைக்களம். குழந்தைகளை அடித்துக் கொன்ற மரத்தில் வந்தவர்கள் கட்டிவிட்டுப் போன வண்ணக் கயிறுகள் நூற்றுக்கணக்கில் தொங்குகின்றன. கட்டியவர்களின் துக்கம் உண்மைதான், சந்தேகமில்லை. மழை பெய்தால் இந்த மண்ணில் இன்னும் எலும்பும் துணியும் மேலே வருகின்றன என்று வழிகாட்டிப் பெண் சொன்னாள். 1979க்குப் பிறகு பிறந்தவள். தாய்மாமன்களை அவள் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

“கம்போடியன் ஏன் கம்போடியனைக் கொன்றான் என்று எல்லோரும் கேட்கிறார்கள், சார்,” என்றாள். “அப்போது தன் நாடு என்ன செய்தது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.”

அவள் சொன்னதிலிருந்து எனக்கு ஓர் ஆசை. துவோல் ஸ்லெங்கில் அந்த முகங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு பலகை வைத்து, அந்த 71 நாடுகளின் பெயரையும் எழுத வேண்டும். எங்கிருந்து வருகிறவரும் முதலில் தன் நாட்டின் பெயர் அதில் இருக்கிறதா என்று தேடட்டும்.