வடநெம்மேலியில் ஒரு மாலை

கோவளத்தைக் கடந்து, நித்திய கல்யாணப் பெருமாள் கோயிலால் பெயர்பெற்ற திருவிடந்தையையும் தாண்டினால் வருவது வடநெம்மேலி. ராமுலஸ் விட்டேக்கர் முதலியோர் 1976ஆம் ஆண்டில் நிறுவிய முதலைப் பண்ணை, அங்கே கடலையொட்டி அமைந்துள்ளது. விடுமுறை நாளொன்றில் குடும்பத்துடன் சென்றிருந்தோம்.

நுழைந்தவுடன் தென்படுபவை நம் ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் சதுப்புநில முதலைகள். விறகுக் கட்டைகளை அடுக்கினாற்போல் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கின்றன. அருகிவந்த அவ்வினம் இங்கே நன்கு பெருகிவிட்டது.

எங்களை நெடுநேரம் நிறுத்தியது வடநாட்டு ஆறுகளுக்குரிய கரியால். நீண்டு ஒடுங்கிய வாய். ஆணின் மூக்கு நுனியில் சிறு சொம்பைக் கவிழ்த்தாற்போல் ஒரு புடைப்பு. அதனாலேயே இதனைச் சொம்புமூக்கு முதலை என்பர். மீனே இதன் உணவு, மனிதரை வேட்டையாடுவதில்லை. எனினும் 1970களில் இந்திய ஆறுகளில் 200க்கும் குறைவாகவே எஞ்சியிருந்ததாக மதிப்பிட்டனர். 1975இல் அரசு தொடங்கிய திட்டத்தால், முட்டைகளைப் பொரிக்கச் செய்து, குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விட்டனர். ஆனால் 2007-08 குளிர்காலத்தில் சம்பல் ஆற்றில் மட்டும் 100க்கு மேற்பட்டவை மாண்டன. ஆற்று மணல்மேட்டிலேதான் இது முட்டையிடும். அம்மணலோ லாரியேறி நாம் வீடு கட்டப் போய்விடுகிறது! வளர்ப்பதற்கு ஆளிருந்தும், கொண்டுபோய் விடுவதற்கு ஆறு வேண்டுமே.

அது கால்மணி நேரம் அசையாதிருக்கவே, எங்கள் இளைய மகன் பொம்மையென்று எண்ணிக் கூழாங்கல்லை எறிந்துவிட்டான். கண்ணொன்று மெல்லத் திறந்து மூடிற்று. நாங்கள் வெட்கி நின்றோம். திரும்புகையில் அவன் வாய் திறக்கவில்லை. பேருந்து திருவிடந்தையில் நின்றபோதுதான், "அதற்கு வலித்திருக்குமா, அப்பா?" என்றான்.